தொண்டூர்ப் பெண்ணின் தலைமுடி

அக்கா,

போன வாரம் உங்கள் கருமாதிப் பத்திரிகை தபாலில் வந்தது. கறுப்புக் கரை போட்ட அட்டை. அதிலிருந்த படத்தைப் பார்த்து யாரோ தெரியாதவர் என்றுதான் முதலில் நினைத்தேன். முடி முழுக்க வெளுத்து, கன்னம் ஒட்டி, தடித்த கண்ணாடி போட்ட ஒரு முகம். பெயரைப் படித்த பிறகு மறுபடி பார்த்தேன். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று பொறுத்திருக்கிற அந்தப் பார்வை மட்டும் மாறவே இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் நகர்ந்தேன்.

உங்கள் பழைய நோட்டில் இருந்த விலாசங்களுக்கெல்லாம் அனுப்பியதாக உங்கள் மகள் சொன்னாள். ஆமாம், நேற்று விழுப்புரத்துக்கு வந்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது செஞ்சியில் நாம் அடுத்தடுத்த தெரு. உங்கள் வீட்டுக்காரர் திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர். என் வீட்டுக்காரர் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை. அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு நாமெல்லாம் ரேஷன் கடை வாசலில் நின்றோமே, அந்த வரிசையில்தான் நீங்கள் எனக்குப் பழக்கம். சுற்றியிருக்கிற மலைகளின் சூடெல்லாம் சேர்ந்து ஊர்மேல் இறங்கும் சித்திரை மாதம். எனக்கு அது ஐந்தாம் மாதம். தலை சுற்றிக் கீழே உட்கார்ந்தவளைத் தாங்கிப் பிடித்து, என் பையையும் வாங்கி, உங்கள் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்காகவும் நின்றீர்கள்.

குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்த சமயம் ஒருநாள் கேட்டீர்கள். "சரசு, எங்கூட தைலம் விக்க வர்றியா? வூட்டு வேல முடிஞ்ச பொறவு வந்தா போதும்."

விழுப்புரத்து வைத்தியர் ஒருவர் காய்ச்சி அனுப்பிய பச்சை நிறக் கூந்தல் தைலம். நீங்கள் விற்றீர்கள். சுற்றுவட்டாரத்தில் பதினாலு பெண்களைச் சேர்த்து, அவர்களையும் விற்க வைத்தீர்கள். அவர்கள் விற்பதில் உங்களுக்கும் ஒரு சிறு பங்கு வரும். அந்தக் காலத்தில் நம் ஊரில் பெண்கள் இப்படித் தாங்களே ஒரு கூட்டமாகச் சேர்ந்து பிழைத்தது அதுதான் முதல்முறை.

நான் உங்களோடு வரவில்லை. மெட்ராஸிலிருந்து இன்னொரு கம்பெனி வந்திருந்தது. அவர்கள் தைலம் சிவப்பு. புட்டிமேல் நீளக் கூந்தலோடு ஒரு பெண்ணின் படம். இருபது பேரைச் சேர்த்துவிட்டால் சூப்பர்வைசர் ஆகலாம், நம் பெயர் போட்டுக் கார்டு அடித்துத் தருவார்கள் என்றார்கள். கல்யாணப் பத்திரிகையைத் தவிர என் பெயரை நான் அச்சில் பார்த்ததில்லை. அந்த ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா" என்று உங்களிடம் வந்து சொன்னேன்.

"இதுல தப்பு இன்னா இருக்குது? உனக்கு எது ஒத்து வருதோ அதச் செய்" என்றீர்கள்.

மறுநாள் காலையில் ஒரு கட்டு வைக்கோலும் காலிப் பழக்கூடையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். புட்டிகளை எப்படிச் சுற்றி அடுக்கினால் உடையாது என்று காட்டிக் கொடுத்தீர்கள். "பஸ்ல பின்னாடி சீட்டுல ஒக்காராத, தூக்கிப் போடும். நடுவுல ஒக்காரு" என்றீர்கள். போட்டிக்கு நிற்கப் போகிறவளுக்கு யாராவது இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பார்களா? அன்றைக்கு எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

கம்பெனி மேனேஜர் மாதம் ஒருமுறை காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். பஜாரில் ஒரு மாடி அறையில் எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். எப்படிப் பேச வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும், எப்போது புட்டியைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் வரும். ஒருநாள் நான்தான் கேட்டேன். "எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பச்சைத் தைலத்த வச்சிருக்காங்க சார். நம்மகிட்ட சேர மாட்டேங்கறாங்க."

அவர் சிரித்தார். "பொய் சொல்லாதீங்கம்மா. பொய் சொல்றது பாவம். 'எனக்குத் தெரியாது, யாரோ சொன்னாங்க'ன்னு சொல்லிட்டு விட்டுடுங்க. மிச்சத்த அவங்களே பாத்துப்பாங்க."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் அக்கா.

அந்த மாதமே அனந்தபுரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் ஆறேழு பெண்கள் கூடியிருந்தார்கள். எனக்கு அதுவரை பதினைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். இன்னும் ஐந்து பேர் வேண்டும். கடைக்காரர் மனைவி மோர் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "கண்டக்டர் வூட்டு அக்காவும் வந்து கேட்டுட்டுப் போச்சு. அதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

இதே கேள்வியை அவள் உங்களிடமும் கேட்டிருக்கிறாள். நீங்கள் சொன்ன பதிலையும் அவளே சொன்னாள். "நான் அதப் போட்டுப் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது இதுதான்" என்றீர்களாம்.

நான் புட்டியைக் கீழே வைத்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தொண்டூர்ல ஒரு பொண்ணுக்கு அதப் போட்டு முடி கொட்டிப்போச்சுன்னு யாரோ சொன்னாங்க" என்றேன்.

ஏன் தொண்டூர் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்த ஊர். ஒருத்தி தன் பின்னலைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கே ஐந்து பேரும் சேர்ந்துவிட்டார்கள்.

தொண்டூரில் உண்மையாகவே ஒரு பெண் இருந்தாள். வள்ளி. உங்கள் பதினாலு பேரில் அவளும் ஒருத்தி. நிலம் இல்லாத வீடு, நைனாவுக்குக் காசநோய், அவள் விற்றுக் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் டைபாய்டு வந்து பிழைத்து எழுந்திருந்தாள். காய்ச்சலில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துபோய், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நடந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். என் பொய் அனந்தபுரத்திலிருந்து கிளம்பி, போய் உட்கார ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் புட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தளவானூரிலிருந்து ஒருத்தியின் புருஷன் வந்து, உங்கள் வாசலில் நின்று கத்தினான். நான் தெருமுனையில் குடத்தோடு நின்றிருந்தேன்.

"எம் பொஞ்சாதி தலையும் மொட்டையாவணுமா? இன்னாத்தக் கலந்து விக்கிற நீ?"

"நான் தெனம் போட்டுக்கறதும் இதுதான்ப்பா" என்றீர்கள்.

"யாருக்குத் தெரியும்?"

நீங்கள் கையைப் பின்னால் கொண்டுபோனீர்கள். கொண்டையை அவிழ்த்தீர்கள். நடுத்தெருவில், அத்தனை ஆம்பிளைகள் முன்னால், பட்டப்பகலில். முட்டிவரை இறங்கியது முடி. பிறகு கூட்டத்தில் ஒருவன், "சவுரி முடியா இருக்கும்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் குனிந்து முடியை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே போனீர்கள்.

குடத்தில் தண்ணீர் தளும்பி என் புடவை நனைந்தது. இரண்டு எட்டு எடுத்து வைத்து, 'அது நான் கட்டின கதை' என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான்கு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தீர்கள். கூட்டத்தை விட்டு ஓரமாகக் கூப்பிட்டீர்கள்.

"அனந்தபுரத்துல கேட்டேன். நீ சொன்னதா சொல்றாங்க. நீ சொன்னியா சரசு?"

"நானா? நான் ஏங்க்கா சொல்லப்போறேன்? ஊர்ல பேசிக்கினாங்க. நான் கேட்டுக்கினு இருந்தேன், அவ்வளோதான்."

நீங்கள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். அனந்தபுரம் பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் வள்ளி என் வீட்டு வாசலில் நின்றாள். பதினெட்டு வயது இருக்கும். வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

"கண்டக்டர் வூட்டு அக்கா அனுப்புச்சு. அதுங்கிட்ட இனிமே யாரும் வாங்க மாட்டாங்களாம். உங்க தைலம் நல்லாப் போவுதாம், உங்ககிட்ட போய்ச் சேந்துக்கன்னு சொல்லிச்சுக்கா."

உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். சாப்பிடும்போது முந்தானை நழுவியது. மண்டையில் திட்டுத் திட்டாகப் புதுமுடி அரும்பியிருந்தது. மேனேஜர் வந்தபோது அவளைப் பற்றிச் சொன்னேன். "அய்யய்யோ, அந்தப் பொண்ணு வேணாம்மா. அந்தத் தலையோட நம்ம புட்டியைத் தூக்கிட்டுப் போனா எவ வாங்குவா?" என்றார். மறுபடி வந்த வள்ளியிடம், "இப்ப ஆளு எடுக்கறதில்லயாம்மா. பொறவு சொல்லி அனுப்பறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். "பரவால்லக்கா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் கடலை மில்லில் உடைக்கிற வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு நான் சொல்லி அனுப்பவே இல்லை.

என் பெயர் போட்ட கார்டு வந்தது. சூப்பர்வைசர் என்று கீழே அச்சடித்திருந்தது. என் வீட்டுக்காரர் கடையில் எல்லோருக்கும் காட்டினார். ஒரு கார்டை உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது; ஏனென்று கேட்காதீர்கள். அந்தத் தெருப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு வருஷம் போல ஆனபிறகு அனந்தபுரம் போயிருந்தபோது, அதே வீட்டில், அதே பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்தத் தொண்டூர்க் கதை பொய். அந்தப் பொண்ணுக்கு டைபாய்டு." ஒருத்தி சிரித்துக்கொண்டே, "கண்டக்டர் வூட்டு அக்கா உங்களையும் மடக்கிடுச்சா?" என்றாள். கடைக்காரர் மனைவி, "நீங்க நல்ல மனசோட மூடி மறைக்கிறீங்க. எங்களுக்குத் தெரியாதா இன்னா?" என்றாள். பொய்யை நம்ப வைக்க ஒரு வரி போதுமாக இருந்தது. உண்மையை நம்ப வைக்க அன்றைக்குச் சாயங்காலம்வரை பேசினேன். முடியவில்லை. அதே கதையைத் திருத்துகிற நேரத்திலும், அதைக் கட்டியது நான் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

விழுப்புரத்துக்குக் குடிபோனது, நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. கொஞ்ச காலத்தில் எங்கள் கம்பெனியிலிருந்து சரக்கு வருவது நின்றது, மேனேஜரும் வரவில்லை. மனசாட்சி குத்தி நான் அந்தத் தொழிலை விட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அதுவாக முடிந்தது.

வள்ளியை மட்டும் ஒருமுறை பார்த்தேன். இரண்டு மூன்று வருஷம் கழித்து, பஜாரில். கையில் குழந்தை. முடி நன்றாக வளர்ந்து, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தாள். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று அவள்தான் கேட்டாள். அவளைத் தாண்டிப் போகிற யாரும் அந்தப் பின்னலை நின்று பார்க்கவில்லை.

நேற்று உங்கள் வீட்டில் காரியம் முடிந்து பந்தி நடந்தது. உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் அப்படியே உங்களுடையது.

"செஞ்சியிலேருந்தா வர்றீங்க? அம்மா அந்த ஊரைப் பத்திப் பேசவே பேசாது. அங்க இன்னா செஞ்சிக்கினு இருந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். தைலம், அனந்தபுரம், நீங்கள் கொண்டையை அவிழ்த்தது, பஸ் ஸ்டாண்ட், வள்ளி. எதையும் விடவில்லை. இலையில் சோறு ஆறிப்போனது. அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அம்மா முடியை வெட்டிக்கினே இருக்கும். தோளுக்குக் கீழ வளர வுடாது. ஏன்னு நான் எத்தினியோ முறை கேட்டிருக்கிறேன்" என்றாள். பிறகு, "இத அது உயிரோட இருந்தப்ப வந்து சொல்லியிருக்கலாமில்ல? ஒரு மணி நேர பஸ்தானே?" என்றாள்.

எழுந்து அடுத்த பந்திக்குப் பரிமாறப் போனாள். நான் கிளம்பும்போது அவளைத் தேடினேன். உள்ளே வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது, வழியெல்லாம் அவள் கேட்டதற்கு ஒரு பதில் தேடிப் பார்த்தேன். பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, விலாசம் தெரியாது என்று என்னென்னவோ வந்தது. ஒன்றும் நிற்கவில்லை. பஸ் இருந்தது. நான் ஏறவில்லை. உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதை என் வாயால் கேட்கத்தான் நீங்கள் காத்திருந்தீர்கள் என்பதை, நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் மகள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

நான்தான் சொன்னேன் அக்கா.

சரசு