நீல பிரேம், இருபது இஞ்ச்

1996 ஜூலை 8, திங்கள்

இல்லை, அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான். பத்து மாதமாக எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல். சோறு, ரேடியோ, சவரம், ஞாயிறு பூசை.

வெயில். இலை அசையவில்லை. டுடோரியலில் இரண்டு வகுப்பு. முடிந்ததும் நேராகச் செக்காலை ரோடு, காதர் அண்ணன் சைக்கிள் கடை.

மதுரை டாக்டர் போன வாரம் சொன்னது, அப்படியே: அண்ணனுக்கு லாரி இடித்த இடத்தில் தொடை எலும்பு கூடிவிட்டது. வலது கால் இரண்டு இஞ்ச் குட்டை. அது இனி மாறாது. முட்டி பாதிதான் மடங்குகிறது. தினமும் சைக்கிள் மிதிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் மடங்கி வராவிட்டால் அப்படியே இறுகிவிடும்.

எழுதினால் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன்.

கா. அண்ணன் கடையில் இரண்டு பிரேம் தொங்குகின்றன. தூத்துக்குடியில் பழைய சாமானாக வந்து இறங்கியவை. பத்து வருஷப் பழசு, இரும்பு, வெளிநாட்டு வேலை. நீலம் பெரியது, இருபது இஞ்ச். அரக்கு சின்னது, பதினாறு.

"மலை ஏறுற சைக்கிளாம் டீச்சர். நம்ம ஊர்ல மேடுன்னா ரயில்வே கேட்டுதான்."

"அமலுக்கு, அண்ணே."

கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பொங்கல் பந்தயத்துக்கு மூன்று வருஷம் என் அண்ணன் அமலுக்கு வண்டி பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். பரிசாக வந்த மூன்று எவர்சில்வர் குடமும் எங்கள் அடுப்படியில் இருக்கின்றன.

"இதுதான் சரி. டயர் அகலம், ஆடாது. முன்னால சின்னப் பல்லுச் சக்கரம், பின்னால பெரிசு போட்டுட்டா மிதி பஞ்சு மாதிரி இருக்கும். ஆளைக் கூட்டிட்டு வாரீகளா?"

வரமாட்டான் என்றேன்.

"அப்ப உள்கால் அளவு கொண்டாங்க. கவட்டையிலேருந்து தரை வரைக்கும். பாரைத் தாண்டி நின்னா நாலு விரல் இடைவெளி வேணும். அதுதான் கணக்கு."

ஜூலை 10, புதன்

மேகம். மழை இல்லை.

தையல் கடை. டெய்லர் வாடிக்கைக்காரர்கள் அளவெல்லாம் பழைய நோட்டில் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"அமலு... இந்தா. இடுப்பு முப்பது, உள்கால் முப்பத்தொண்ணரை. பேன்ட்டு போட ஆரம்பிச்சுட்டாப்லயா? நல்லது, நல்லது."

ஆமாம் என்றேன். அவன் கைலியோடு கிடக்கிறான்.

இஞ்ச் டேப் வீட்டுத் தையல் மெஷின் டிராயரிலேயே இருக்கிறது. கல்யாணமாகாத தங்கை, வளர்ந்த அண்ணனின் கவட்டையில் டேப் பிடிப்பதா? இந்த ஊரில் யாரும் பிடிக்க மாட்டார்கள். நியாயமான காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. கட்டுப் பிரித்த பிறகு அந்தக் காலை நான் முழுதாகப் பார்த்ததில்லை. அம்மா எண்ணெய் தேய்க்கும் நேரத்தில் எனக்கு எப்போதும் கொல்லையில் வேலை.

ஜூலை 13, சனி

காற்று. கடைப் படுதா படபடத்துக்கொண்டே இருந்தது.

முடிவானவை:
டயர் - இரண்டு இஞ்ச், கட்டைப் பல்.
ஹாண்டில் - நேர்க்கம்பி வேண்டாம். மேலே வளைந்தது. குனியக் கூடாது.
சீட் - அகலம், ஸ்பிரிங்.
கியர் - முன்னால் ஒன்று போதும்.
பிரேக் - இரண்டும் கையில்.
கிராங்க் (மிதிக்கட்டை மாட்டும் தண்டு) - இடது முழுசு. வலது, குழந்தை சைக்கிளுடையது, பாதி நீளம். அச்சையே மாற்ற வேண்டும்.

கடைசியது கா. அண்ணனின் யோசனை. வட்டம் சின்னதானால் முட்டி கொஞ்சம் மடங்கினால் போதும். கீழே போகும்போதும் மிதி மேலேயே நிற்கும், குட்டைக் காலுக்கு எட்டும். எவ்வளவு எளிது. நான் படித்ததெல்லாம் எதற்கு.

பிரேம். முப்பத்தொண்ணரை என்றதும் நீலத்தை இறக்கினார். இறக்கிவிட்டுத் தயங்கினார்.

"இது அடிபட்டதுக்குப் பெறகு எடுத்த அளவுதானே?"

"ஆமா."

"எதுக்கும் சின்னதையே எடுத்துக்கிறீகளா? சின்னதுல சீட்டை ஒசத்திக்கலாம். பெரிசுல பாரை எறக்க முடியாது, டீச்சர்."

அரக்கு பிரேமைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஓட்டுவது போல இருந்தது. அதில் அமல், முழங்கால் ஹாண்டிலில் இடிக்க, தெருவே பார்க்க. முடியாது.

"நீலமே போடுங்க."

அந்த ஒரு 'ஆமா'வில் இரண்டு பொய்: நான் அளக்கவே இல்லை, அளவும் அடிபடுவதற்கு முன்னால் எடுத்தது. எழுதும்போதுதான் எண்ணுகிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை. அம்மா வெள்ளித் தகட்டில் ஒரு கால் வாங்கிக் காணிக்கை வைத்தாள். கடைக்காரர் இடதா வலதா என்று கேட்கவில்லை. கூடை நிறைய ஒரே அளவுக் கால்கள்.

வெளியே, முக்காடு போட்ட இரண்டு பேர், என் முதுகுக்குப் பின்னால்:

"பெரியவன் வரலையாக்கும்?"

"அவன் இனி எங்குட்டு வர. இந்தப் புள்ளைக்கும் வயசு ஏறுது, பாவம்."

"படிச்ச புள்ள வேற."

திரும்பி ஸ்தோத்திரம் சொன்னேன். சிரித்தார்கள்.

ஜூலை 20, சனி

தூறல், பத்து நிமிஷம். மண் வாசனைகூட வரவில்லை.

மாலை வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அமல் கட்டிலில். திட்டுவான் என்று நின்றேன். வெகுநேரம் பார்த்தான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தான். பிரேமின் மூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான்.

"நல்ல இரும்பு."

பிறகு கீழே, இரண்டு கிராங்கையும் பார்த்தான்.

"இது என்ன பாப்பா, ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் மகனா?"

காதர் அண்ணன் வேலை என்றேன். சிரித்தான். நிஜமாகவே. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, என்ன என்று கேட்காமல், அங்கேயே நின்றாள்.

அவனே சவரம் செய்துகொண்டான்.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். தெருவில் ஆள் இல்லை. அவன் அந்த நேரத்தைத்தான் கேட்டான்.

காம்பவுண்டு சுவரைப் பிடித்து ஏறினான். வலது காலைக் கையால் தூக்கிப் பாருக்கு அந்தப் பக்கம் போட்டான். நான் பின்னால், சீட்டைப் பிடித்தபடி. "விடு" என்றான். விட்டேன்.

மிதித்தான். முட்டி வந்தது. ஒரு சுற்று. இரண்டு. தெருக்குழாய் வரை. கை தட்டினேன், பைத்தியம் போல.

குழாயடியில் திரும்புவதற்காகப் பிரேக் பிடித்தான். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. வலது கால் தரையைத் தேடியது. தரை இன்னும் கீழே இருந்தது. பார் அவனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

விழுந்த சத்தத்துக்கு முன்னால் வேறொரு சத்தம்.

ஜூலை 23, செவ்வாய்

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தா. பினாயில்.

போன தடவை தொடை எலும்பில் வைத்த இரும்புத் தகடு முடிகிற இடத்தில் மறுபடி உடைந்திருக்கிறது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. மூன்று மாதம்.

"முட்டி, டாக்டர்?"

"இனி எலும்பு கூடட்டும்மா. மடக்குறதைப் பத்திப் பேச வேண்டாம்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தது.

ஜூலை 26, வெள்ளி

வீடு. ஆடிக் காற்று, புழுதி, ஜன்னலைச் சாத்தியாயிற்று. அம்மா எதிர்வீட்டில்.

சொல்லிவிட்டேன்.

"அளவு நான் எடுக்கல, அண்ணே. டெய்லர் நோட்டுலேருந்து எடுத்தேன். பழைய அளவு. காதர் அண்ணன் கேட்டாரு, பொய் சொன்னேன்."

விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பெரிசுன்னு. காலைத் தூக்கிப் போட்டப்பவே பார் இடிச்சுச்சு. நானும் மூணு வருசம் பந்தயம் ஓட்டுனவன்தானே, தெரியாதா?"

"அப்ப ஏன் ஓட்டுன?"

காற்று கதவைத் தள்ளிப் பார்த்தது. நான் எழப் போனபோது சொன்னான்.

"நீ பின்னால பிடிச்சுக்கிட்டு நின்ன. திரும்பி உன் மூஞ்சியைப் பாத்தேன். எறங்குறேன்னு எப்படிச் சொல்ல?"

அழுகை வரவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். என்னிடம் இருந்த சொற்கள் எல்லாமே புத்தகத்தில் படித்தவை.

மாவுக்கட்டுக்கு வெளியே ஐந்து விரல். நகம் நீண்டு, ஓரத்தில் கறுத்திருந்தது. குனிந்து பார்த்தேன். பிளேடும் ஒரு கிண்ணம் தண்ணீரும் எடுத்து வந்து வெட்டிவிட்டேன்.