பெரியவங்க கை பின்னால

இன்று காலை உன் கேழ்வரகு மாவின் கடைசிப் பிடியைக் கஞ்சியாகக் காய்ச்சினேன். வெளியே நல்ல மழை. விடிந்ததிலிருந்து வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: லீவா, இல்லையா? லீவு இல்லை. என் மகன் கவினின் ஈரச் சாக்ஸை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தேன். மாவு வெந்து அந்த வறுத்த வாசனை எழுந்தது. எதிர்வீட்டுக் கதவைத் திறந்தால் உன் சமையலறையிலிருந்து வருமே, அதே வாசனை. ஒரு கணம் நீ வந்து கதவில் சாய்ந்து நின்று, "ஏட்டி ஸ்கேலு, காபி இருக்கா?" என்று கேட்பாய் என்றே இருந்தது.

ஸ்கேல் என்று எனக்குப் பேர் வைத்தவள் நீ. முகப்பேரில் இந்தக் குடியிருப்புக்கு நீங்கள் குடிவந்த அன்றே, உன் வாசல் மிதியடி கோணலாகக் கிடக்கிறதென்று குனிந்து நேராக்கினேன். நீ இடுப்பில் ஒரு வயது இனியாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "எங்க வீட்டு மிதியடி உங்களை ஏதாச்சும் பண்ணிச்சாக்கா?" என்றாய். மறுவாரமே அக்கா போய் ஏட்டி வந்துவிட்டது. திருநெல்வேலி உன் அப்பாவின் ஊர். நீ பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். ஆட்டோக்காரரிடம் "இன்னா நைனா, மீட்டர் உங்கூட்ல கீதா?" என்று மடக்குவாய், அடுத்த நிமிடமே என் பக்கம் திரும்பி "வாட்டி, பஸ்ஸிலயே போவோம்" என்பாய்.

என்னைப் பெரிம்மா என்று கூப்பிட இனியாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். ஆன்ட்டி போதுமே என்றேன். "ஆன்ட்டின்னா பக்கத்து வீடு. பெரிம்மான்னா நம்ம வீடு. அவ நடுராத்திரி பசிக்குதுன்னு உன் கதவைத் தட்டணும்லா?" என்றாய்.

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு முதல் தடவை நீ வந்தது நினைவிருக்கிறது. ஐந்து படி, வெள்ளை வேட்டி, பொம்மைகள் உயர வரிசைப்படி. நான் விட்ட இடைவெளிகளைப் பார்த்துவிட்டு, "அளந்து வச்சியா?" என்று கேட்டாய். அளந்துதான் வைத்திருந்தேன். பிறகு படிக்குக் கீழே காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தாய். "எங்க வீட்ல கொலு வழக்கம் கிடையாதுட்டி. படியெல்லாம் நீயே வச்சுக்கோ. இந்தத் தரையை எனக்குக் குடு. பிள்ளைங்களுக்கு."

எல்லோர் வீட்டிலும் கொலுவுக்குக் கீழே பார்க் வைப்பார்கள். மணல் பரப்பி, கடுகோ கேழ்வரகோ தூவி முளைக்கவிட்டு, புல்வெளியில் இரண்டு மான்களை நிறுத்துவார்கள். உன் பார்க் அப்படி இல்லை. "மான் எங்கடா நின்னுச்சு நம்ம ஏரியால? நம்ம ஊரைக் கட்டுங்க" என்றாய். பிள்ளைகள் முகப்பேர் சந்திப்பைக் கட்டினார்கள். நெருக்கியடித்து நிற்கும் பொம்மை பஸ்கள், நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் லாரி. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி உன் ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியாயிற்று. தீப்பெட்டியில் இஸ்திரி வண்டி செய்ததைக் கேள்விப்பட்டு, கீழே வண்டி போட்டிருக்கும் அண்ணன் மாடியேறி வந்து பார்த்தார். "இன்னா பாப்பா, வண்டி கீது, நான் எங்க?" என்றார். அன்று மாலையே ஒரு சோளத்தட்டை மனிதர் வண்டிக்குப் பின்னால் நின்றார்.

அந்தத் தரைக்கு நீ போட்ட சட்டம் இரண்டு. ஊரில் இல்லாத ஒரு பொருளை ஒவ்வொரு பிள்ளையும் அதில் வைக்க வேண்டும். இரண்டாவது, பெரியவர்களுக்கு. "பெரியவங்க கை பின்னால." பார்க் இருக்கும் அறைக்குள் வரும் எந்தப் பெரியவரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமிகள்கூடத் தப்பவில்லை. குங்குமம் எடுக்க மட்டும் ஒரு கைக்கு அனுமதி.

யாருக்காக அந்தச் சட்டம் என்று எனக்குத் தெரியும். கவினின் கடுகு ஒரு வருடம் அழுகிப்போனது. பாசத்தில் வேளைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டான். தட்டில் ஒரே சேறு, நாற்றம். அவன் அழ ஆரம்பிப்பதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், கழுவி வேறு மணல் போட. வாசலில் மறித்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். வலித்தது. "அழுகினா அழுகட்டும். அடுத்து என்ன பண்றான்னு பாருட்டி. அதைப் பார்க்கத்தானே பெத்தோம்?" என்றாய். கவின் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். பிறகு தன் காகிதக் கப்பலை எடுத்துவந்து சேற்றில் வைத்தான். "டிசம்பர்ல நம்ம தெரு" என்றான். நீ சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

ஆடியில் நீ போய்விட்டாய். மருத்துவமனையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் உனக்கே தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரரின் அக்கா திண்டிவனத்திலிருந்து வந்து தங்கியிருக்கிறார்கள். நல்ல மனுஷி. இனியாவுக்கு வேளாவேளைக்குச் சோறு, தலைக்கு எண்ணெய். ஆனால் வழக்கம் வழக்கம்தான். புரட்டாசி பிறந்ததும் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்கள்: "தப்பா எடுத்துக்காதம்மா. வருஷம் திரும்புற வரைக்கும் எங்க வீட்டுக்குப் பண்டிகை கெடயாது. புள்ளய கொலுவுக்கு அனுப்ப மாட்டேன்."

இரண்டு மாதமாக இனியா எதையும் விளையாடிப் பார்க்கவில்லை. பள்ளி, வீட்டுப்பாடம், டிவி, தூக்கம். கேட்டதற்கெல்லாம் 'ம்' மட்டும்தான். தரையில் அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நவராத்திரியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். உட்காராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

அத்தை அதைச் சொன்னபோது இனியா உங்கள் வாசற்படியில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, கொலு எங்க இருக்கும்?"

"படியில."

"பார்க்?"

"அதுவும் அங்கதான்."

"இல்ல. பார்க் தரையில இருக்கும். படி பெரிம்மாவோடது. தரை எங்க அம்மாவோடது. அம்மா கேட்டு வாங்கினது. நான் படி பக்கம் போகவே மாட்டேன்."

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். "யார் சொல்லிக் குடுத்தது இந்தப் பேச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவர்கள்போல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மறுநாள் இனியா ஒரு அலுமினியத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தாள்.

காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. படிப்புக்கு நடுவே இருவரும் ஆளுக்கொரு தட்டில் மணல் நிரப்பினார்கள். கவின் கடையில் வாங்கிய கடுகைத் தூவினான். இனியாவோ உங்கள் அலமாரியிலிருந்து உன் எவர்சில்வர் டப்பாவையே தூக்கி வந்திருந்தாள். அதிலிருந்து கேழ்வரகைக் கைநிறைய எடுத்துத் தூவினாள். "அம்மா வச்சது" என்றாள்.

மூன்றாம் நாள் கவினின் தட்டு பச்சை பிடித்தது. இனியாவின் தட்டில் ஒன்றுமில்லை. அவள் தினமும் பள்ளிக்குப் போகுமுன் வந்து, விரலால் தண்ணீர் தெளித்து, குனிந்து முகத்தை மணலுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாளும் ஒன்றுமில்லை. நவராத்திரிக்கு முந்திய நாள், பிள்ளைகள் கடைசித் தேர்வுக்குப் போனபின் டப்பாவைத் திறந்தேன். வாசனையிலேயே தெரிந்துவிட்டது. அது சத்துமாவுக்கு நீ வறுத்து வைத்த கேழ்வரகு. அரைக்கக் கொடுப்பதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எத்தனை தண்ணீர் தெளித்தாலும் அது முளைக்காது.

கவினின் பச்சை மெத்தென்று பாய்போல் வளர்ந்திருந்தது. சமையலறைக் கத்தியை எடுத்து வந்தேன். பாதியை வேரோடு வெட்டி, மணலோடு தூக்கி அவள் தட்டில் பதித்துவிடலாம். மத்தியானம் வந்து பார்ப்பாள், முளைத்துவிட்டது என்று குதிப்பாள். யாருக்கும் தெரியாது. நீ போனபின் அவள் குதித்து நான் பார்க்கவே இல்லை. கத்தியை மணலில் வைத்தும்விட்டேன். மணிக்கட்டில் நீ பிடித்த இடம் நினைவுக்கு வந்தது. கத்தியைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, யாருமில்லாத அந்த அறையில் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும்.

மத்தியானம் வந்தவள் தட்டைப் பார்த்தாள். "ஏன் பெரிம்மா வரல?"

"இது வறுத்த கேழ்வரகு கண்ணு. வறுத்துட்டா முளைக்காது."

"யார் வறுத்தா?"

"அம்மா."

"எதுக்கு?"

"உனக்குக் கஞ்சி மாவு அரைக்க."

கவின் தன் தட்டை மெல்ல அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். உன் டப்பாவை மடியில் எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அழுத்தி மூடி என்னிடம் கொடுத்தாள். "அப்போ இது சாப்பாடு. கொட்டிடாதீங்க. அரைச்சு வைங்க."

பிறகு தட்டைப் பார்த்தாள். உள்ளங்கையால் மணலைத் தட்டித் தட்டிச் சமமாக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?" என்றான் கவின்.

"கிரவுண்டு. நம்ம கிரவுண்டுல புல் எங்கடா இருக்கு?"

சொல்லிவிட்டு மூன்று தீக்குச்சிகளை ஸ்டம்பாக நட்டாள். அவ்வளவுதான். அன்று மாலை வரை இருவரும் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. கவினின் பச்சை, மைதானத்துக்குப் பக்கத்துக் காலிமனைப் புதராயிற்று. அங்கே பந்து போனால் அவுட் என்று சண்டை. எதிர்வீட்டில் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர் அந்தச் சத்தம் கேட்டு, லேப்டாப்பைக் கையில் பிடித்தபடியே வந்து என் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. வெறுமனே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் கொலுவுக்கு அத்தையும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு தரையைத்தானே பார்க்கிறோம் என்று உள்ளே வந்தார்கள். ஒரு ஸ்டம்ப் சாய்ந்திருந்தது. அத்தை குனிந்து கையை நீட்டியதுதான் தாமதம்.

"அத்தை! பெரியவங்க கை பின்னால!"

இனியாவின் வாயில் உன் குரல். அதே அதட்டல். அத்தை திடுக்கிட்டு என்னைப் பார்க்க, நான் ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்களும் கட்டிக்கொண்டார்கள். வீட்டுப்பாடம் செய்யாத இரண்டு பிள்ளைகள்போல் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "ரொம்ப நேரம் இப்பிடியே நிக்கணுமா?" என்று என் காதில் கேட்டார்கள். இனியாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

ஊரில் இல்லாத பொருளாக அவள் இந்த வருடம் வைத்தது ஐஸ் குச்சிகளை ஒட்டிச் செய்த ஒரு பெஞ்ச். மைதானத்தின் ஓரத்தில், ஸ்டம்பைப் பார்த்த மாதிரி. "பெரியவங்களுக்கு" என்றாள். "எவ்வளோ நேரம்தான் நிப்பாங்க?"

இஸ்திரி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சூப்பர் பாப்பா, ஆனா நெழல் இல்லியே" என்றார். மறுநாள் பெஞ்சுக்கு மேல் ஒரு வேப்பங்கொத்து நின்றது.

தீபாவளிக்கும் உங்கள் வீட்டில் வாணலி வைக்கவில்லை. நான் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தின வாரம் முழுக்க மழை. கவினின் பட்டாசெல்லாம் நமுத்துப்போயிருந்தது. வெயில் தலைகாட்டியதும் இனியா மொட்டைமாடிக்கு ஓடி, செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகக் காயவைத்தாள். அத்தை கூப்பிட்டதற்கு அங்கிருந்தே கத்தினாள்: "நான் வெடிக்கத்தானே கூடாது? காய வைக்கலாம்ல?" அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இவ வக்கீலாத்தான் வருவா." அம்மா மாதிரி வருவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

உன் மாவை மிச்சம் பிடித்துப் பிடித்துத்தான் காய்ச்சினேன். மழை பெய்யும் காலைகளில் மட்டும், இரண்டு டம்ளர். இன்றோடு தீர்ந்தது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். அடுத்த தடவை பச்சைக் கேழ்வரகு வாங்கி வறுக்க வேண்டும். உன் பக்குவம் வருமா தெரியவில்லை. கருகினால் கருகட்டும்.

ஏழரைக்கு அழைப்புமணி அடித்தது. திறந்தால் இனியா. ரெயின்கோட், முதுகில் பை. அத்தை பின்னிவிட வந்ததற்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, இன்றைக்கு முதல்முறையாகத் தானே தலை பின்னியிருக்கிறாள். வகிடு நெற்றியில் புறப்பட்டு, நடுவில் வழிதவறி, காதுப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. ஒரு ரிப்பன் இப்போதே அவிழப் பார்க்கிறது.

"எப்படி இருக்கு பெரிம்மா?"

கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, திரும்பிநின்று காட்டினாள். அந்த வகிடு எனக்கு ஒரு சாண் தூரத்தில். சீப்பு மேஜைமேலேயே இருந்தது. என்னைத் தெரியும் உனக்கு.

"நல்லா இருக்கு" என்றேன். "நீயே பண்ணினதா?"

"ம்ம். நானேதான்."

கவினையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் குதித்துக்கொண்டு போயின. கீழே இஸ்திரி அண்ணன் ஏதோ கேட்பதும், "நானே பின்னிக்கினேன் அண்ணா!" என்று அவள் கத்துவதும் மழைக்கு நடுவே மேலே வந்தது. அந்தச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.