அண்ணாச்சி என்ன முறை?

டீச்சர்,

இன்று காலை மளிகைக் கடையில் மாசிக் கருவாட்டு மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். மாலத்தீவுச் சரக்கு. வாடை மூக்கில் ஏறியதும் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். நீங்கள் வேலை பார்த்த தீவு முழுக்க இந்த வாடைதான். "முதல் மாசம் கொமட்டிக்கிட்டே வந்துச்சு அண்ணாச்சி. இப்ப இது இல்லாட்டி உறக்கம் வரமாட்டேங்கு" என்று ஒருமுறை சொன்னீர்கள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உங்கள் அம்மா உடன்குடியிலிருந்து பஸ் ஏறி, தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் என் முன்னால் வந்து நின்றதுதான் தொடக்கம். நான் அப்போது மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் கருப்பட்டி வைத்துக் கட்டிய ஓலைப்பெட்டி.

"எம்புள்ள உங்க தோணி போற தீவுல இங்கிலீஷ் டீச்சரா இருக்கா. தனியா இருக்கா. இதக் குடுத்துட்டு, அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்து வந்து சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

கல்யாணம் ஆகாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பியதற்காகச் சொந்தக்காரர்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. "ஒருநாள் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்து எறங்குவா, பாரு" என்று உங்கள் பெரியப்பாவே கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னாராம். அதனால்தான் அந்த அம்மாவுக்கு உங்கள் முகத்தைப் பற்றிய சேதி அவ்வளவு வேண்டியிருந்தது.

நீங்கள் இருந்த அறை, வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டியது. இரத்தச் சொந்தமில்லாத ஆணை உள்ளே விடக்கூடாது என்று வேலையில் சேரும்போதே சொல்லிவிட்டார்களாம். கதவை அகலத் திறந்துவைத்து நீங்கள் உள்ளே நிற்பீர்கள். நான் வெளிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பேன். "கோவிச்சுக்கிடாதிய" என்பீர்கள். இதில் கோபிக்க என்ன இருக்கிறது? நம் ஊர் மட்டும் சும்மா விடுமா?

ஒருநாள் மழை காற்றோடு சாய்ந்து அடித்தது. "பெட்டி நனையுது, உள்ள வாங்க" என்றீர்கள். நான் நிலையைத் தாண்டி மறுகாலை வைத்த நேரம், காற்று கதவை அறைந்து சாத்தியது. மழையில் ஊறிய கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது. நீங்கள் இழுத்தீர்கள். நானும் இழுத்தேன். உங்கள் மூச்சு வாங்குவது கேட்டது. வெளியிலிருந்து ஒருவர் தோளால் இடித்த பிறகுதான் திறந்தது. வீட்டுக்காரர்.

"யாரு இவன்?" என்றார். தூத்துக்குடிக்கு வந்து வெங்காயமும் மிளகாயும் வாங்கிப் போகிறவர். நம் பேச்சு கொஞ்சம் தெரியும்.

"அண்ணாச்சி" என்றீர்கள் நீங்கள். அதைவிடச் சுத்தமான சொல் நம்மிடம் ஏது?

அவர் சிரித்தார். "தூத்துக்குடியில எனக்கு வெங்காயம் வித்தவன் அண்ணாச்சி. அரிசி வித்தவனும் அண்ணாச்சி. இவன் உனக்கு என்ன வித்தான்?"

என் கை ஓங்கிவிட்டது. நீங்கள் திரும்பிப் பார்க்காமலே, "கைய எறக்குங்க" என்றீர்கள்.

தீவுத் தலைவரிடம் நம்மை நடத்திக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் வாசலில் ஆட்கள். உங்களிடம் படித்த பிள்ளைகளும் நின்றார்கள். ஒன்றாவது வழக்கம்போல ஓடிவந்து கையைப் பிடிக்கவில்லை. நீங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி, நடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் நடந்தீர்கள்.

தலைவர் வயதானவர். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் கேட்டதை வீட்டுக்காரர் தமிழில் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே தாய் வயிறா? ஆமா சொன்னா டீ குடிச்சிட்டுப் போகலாம். இல்லன்னா, டீச்சர் அடுத்த படகுல ஊருக்கு."

பெரியவர் நமக்கு வழிவிடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு 'ஆமாம்' போதும். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னீர்கள்.

"என்ன சொன்னிய?"

"இல்லைன்னு சொன்னேன்."

"காரியத்தக் கெடுத்தியளே."

"என் பாஸ்போர்ட்டுல ஒரு அப்பா பேரு, உங்க மாலுமிப் புத்தகத்துல வேற அப்பா பேரு. நாளைக்கே எடுத்துப் பாத்துருவாவ. இப்ப நான் கதவு சாத்துன பொம்பள மட்டும்தான். ஆமான்னா பொய்க்காரியும் ஆயிருவேன்."

மதமே வேறு. நீங்கள் பனங்காட்டுக்காரர், நான் கடற்கரையில் ஞானஸ்நானம் வாங்கியவன். எந்தத் தாய் வயிற்றைக் காட்டுவது?

அப்போது நீங்கள் வீட்டுக்காரர் பக்கம் கையை நீட்டி, தலைவரிடம் ஒன்று கேட்டீர்கள். அதில் 'பேபே' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம். துறையில் சரக்கு இறக்கும்போது எங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் கேட்டதை நீங்களே எனக்குத் தமிழில் சொன்னீர்கள்: "என் வகுப்புப் பிள்ளையள் எல்லாம் இவர பேபேன்னுதான் கூப்பிடுதுவ. அத்தனையும் இவரு அம்மா பெத்ததான்னு கேட்டேன். உங்களுக்கு பேபே எப்படியோ, எங்களுக்கு அண்ணாச்சி அப்படின்னேன்."

வாசலில் ஒரு கிழவி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் முகம் கறுத்தது. தலைவர் பாக்கை மென்றுகொண்டே இருந்தார். அவர் அதை விழுங்கி முடிப்பதற்குள் உடன்குடியில் உங்கள் பெரியப்பா வீட்டு வாசல்வரை என் மனம் போய்வந்துவிட்டது.

டீச்சர் இருக்கலாம் என்றார். ஆனால் இந்த ஆள் படகுத்துறையைத் தாண்டக் கூடாது. இவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது.

அடுத்த பயணத்தில் பெட்டியைத் துறைக் கல்லில் வைத்துவிட்டுத் தோணியிலேயே நின்றேன். மரநிழலில் தலைவர் இருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர். உங்கள் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்தீர்கள், வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு. கயிறு, நங்கூரம், பாய்மரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தீர்கள். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டீர்கள். பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தின: "ஹவ் ஆர் யூ, பேபே?"

நான் விழித்தேன். வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். முன்வரிசையில் பல் விழுந்த சின்னப் பெண் ஒன்று எனக்குப் பதிலையும் எடுத்துக்கொடுத்தது. "ஐ ஆம் ஃபைன்" என்றேன். வீட்டுக்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடலைப் பார்த்தார். நீங்கள்தான் ஒரு வார்த்தையும் பேசவில்லையே.

"மொகம் தெளிவா இருக்கு தாயி" என்று உங்கள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் கேள்வி, அந்தப் பதில். உங்களுக்குப் போதும் என்று தோன்றியவரை அங்கே இருந்தீர்கள். யாரும் அனுப்பி நீங்கள் வரவில்லை.

போன மாதம் உங்கள் வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். உங்கள் சாமிக்குச் சொல்லும் வார்த்தை எனக்குத் தெரியாது. என் ஜெபம் அங்கே நாக்கில் வரவில்லை. வந்தது நீங்கள் கொடுத்த அந்த ஒரு இங்கிலீஷ்தான். இந்த வயதிலும் ஓர் எழுத்துப் பிசகாமல் என்னிடம் இருக்கிறது. 'ஹவ் ஆர் யூ' என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் "ஐ ஆம் ஃபைன், டீச்சர்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

உங்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.