கையெழுத்துக்கு மேல் ஒரு வரி

திருத்தணி,
24.4.1960

கர்த்தருக்குள் பிரியமான இந்திராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லியிருந்தாய். சந்தோஷம். ஆனால் ஆறு வருஷமாக "தினமும் உனக்காக ஜெபிக்கும்" என்று எழுதித்தானே கையெழுத்துப் போடுவாய்? இம்முறை வெறும் இந்திராணி. மறதியா, கோபமா? மறைக்காமல் எழுதுடி.

தினமும் உனக்காக ஜெபிக்கும்,
ரத்னம்மா

புத்தூர்,
29.4.1960

பிரியமான ரத்னம்மாவுக்கு,

மறதி இல்லை. பொய் எழுதக் கை வரவில்லை.

போன வருஷம் உன் வீட்டில், இரண்டு ஊரும் சென்னையோடு சேர வேண்டும் என்று சேர்ந்து ஜெபித்தோமே. உன் ஊர் சேர்ந்துவிட்டது. என் புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் நான் தெலுங்குப் பரீட்சை எழுதித் தேறினால்தான் டீச்சர் வேலை நிலைக்குமாம். சபையில் எல்லோரோடும் ஸ்தோத்திரம் பாடுகிறேன். தனியாக ஜெபிக்கும்போது உன் பேர் வந்தால் அடுத்த பேருக்குத் தாவிவிடுகிறேன்.

நேற்று காலி வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு சண்டையே போட்டேன். "இன்னா ஆண்டவரே, ஒரே பாய்ல மண்டி போட்டுக்கினுதானே ரெண்டு பேரும் கேட்டோம்? அவளுக்கு மட்டும் குடுத்துட்டே. எனக்கு வயிறு எரியுது. அவ நல்லா இருக்கணும்னு சொல்ல வாய் வரல."

இடி ஒன்றும் விழவில்லை. அழுது முடித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் போலிருந்தது. உனக்காக ஜெபிக்கத்தான் இன்னும் முடியவில்லை. என்னை வெறுத்துவிடாதே.

இந்திராணி

திருத்தணி,
4.5.1960

என் இந்திராணிக்கு,

உன்னை வெறுக்க நான் யார்? ஏப்ரல் முதல் தேதி இங்கே ஸ்தோத்திரக் கூட்டம். ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். உன் நினைவே வரவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் வந்தது, வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து ஜெபத்தில் உன் பேரை விட்டுவிட்டேன். போன கடிதத்தில் என் கையெழுத்துக்கு மேல் இருந்த வரி பொய்.

நீ சண்டை போட்ட தைரியத்தில் நானும் ஆண்டவரிடம் அதை ஒத்துக்கொண்டேன்.

பொய்க்காரி,
ரத்னம்மா

புத்தூர்,
12.6.1960

அருமைப் பொய்க்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அழுதேன். பரீட்சை எழுதிவிட்டேன். முடிவு வரவில்லை. வயிற்றெரிச்சலும் முழுக்க அடங்கவில்லை. நேற்றுகூடக் கொஞ்சம் இருந்தது, மறைக்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன். கேட்டுச் சலித்துக்கொள்ளாத ஆண்டவர், கேட்டு விலகிப்போகாத சிநேகிதி. இரண்டுக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன், ஒருவரும் பாடச் சொல்லாமலே.

பள்ளிக்கூடம் திறக்குமுன் ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

இன்று காலை ஒரே ஒரு தடவை, மெய்யாகவே உனக்காக ஜெபித்த,
இந்திராணி