உன் சௌகரியம் என்ற சொல்

கொனோங்கோ
11 ஜனவரி 1994

அன்பு மகன் யாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்த இருமல் விட்டதா, முதலில் அதைச் சொல். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நானும் தினமும் மாவு பிசைகிறேன். வடக்கிலிருந்து புழுதிக்காற்று ஆரம்பித்துவிட்டது, காலையில் அக்ரா ரோட்டில் வருகிற லாரி கண்ணுக்குத் தெரிவதில்லை, ஹாரன் மட்டும் வருகிறது. சுட்ட ரொட்டி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது என்று வாங்குகிறவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள், காற்றைத் திட்ட முடியுமா. இந்த வெள்ளைப் புழுதிக்குள் அடுப்புச் சூட்டில் உட்கார்ந்திருந்தால் பகலிலேயே பாதித் தூக்கமாக இருக்கிறது, எது நடந்தது எது நானாக நினைத்தது என்று பிரிக்க முடியவில்லை, முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்.

அப்பா போய்ப் பதினோரு வாரம் ஆகிறது, இன்னும் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில்தான் இருக்கிறார். பிள்ளை சவப்பெட்டி கொண்டுவராமல் தகப்பனை மண்ணில் இறக்குவதில்லை, அது உனக்குத் தெரிந்ததுதானே. நவம்பரில் அப்பாவின் மாமா டொன்கோர் பெரியவருக்கு ஹாம்பர்க்கிலிருந்து இங்கிலீஷில் டைப் அடித்து ஒரு கடிதம் போட்டாயே, அதை அவர் எல்லோரையும் முற்றத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். அட் மை எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வாத்தியார் அட்டகோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இது ரொம்ப மரியாதையான வார்த்தைங்க, சீக்கிரம் வந்துடுவாருன்னு அர்த்தம் என்றார். பெரியவர் விடவில்லை, அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் தனியா எடுத்து நம்ம பேச்சுல சொல்லும் வாத்தியாரே என்றார். வாத்தியார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சௌகரியம்னு சொல்லலாங்க, அவருக்கு எப்ப சௌகரியப்படுதோ அப்ப, என்று இழுத்தார். அவ்வளவுதான், உன் அத்தை ஃபோசுவா எழுந்துவிட்டாள். எங்கண்ணன் அங்க ஐஸ்ல மீனாட்டம் கெடக்காரு, மகராசனுக்குச் சௌகரியம் கூடி வரணுமாம்ல, என்று கையைத் தட்டிச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது யாவ், மறைத்து என்ன ஆகப்போகிறது, வீட்டுக்கு வந்து அழுதேன்.

அன்றிலிருந்து அந்த வார்த்தை என்னை விடவில்லை. மாவு பிசையும்போதும் அதுதான், தட்டு கழுவும்போதும் அதுதான். எனக்கு எப்போது சௌகரியம் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீ பிறந்தது ஈஸ்டருக்கு முந்தின வியாழன், சர்ச்சில் நூறு ரொட்டி சொல்லியிருந்தார்கள், அடுப்பு கனிந்து தயாராக இருந்தது, நீ என்னைக் கேட்டுக்கொண்டா வந்தாய். அப்பா போனதும் மாவு பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான், அந்த மாவை அப்புறம் யார் சுட்டார்கள் என்றே எனக்கு நினைவில்லை. அவரைப் பகலில் பார்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மத்தியானம், புழுதியில் வெயில் மங்கிக் கிடந்தது, கடை வாசலில் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காருங்களேன் என்றேன், பரவால்ல, நிக்கிறேன் என்றார். குளிருதா என்றேன். கொஞ்சம், என்றார், பொய் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாரே, அதே மாதிரி திருப்பிக்கொண்டு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரோ ரொட்டி கேட்டு வந்தார்கள், நிமிர்ந்து பார்த்தால் வாசலில் வெறும் புழுதிதான் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, அங்கிருந்து லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிற உன் சிநேகிதன் மானு வந்தான், இந்தக் கடிதத்தையும் திரும்பிப் போகிற அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து இரண்டு ரொட்டி தின்றான், ஹாம்பர்க்கில் பனி என்றான், ரயில் என்றான், உன் பேச்சு எடுத்தால் டீயைக் குடித்தான். நான் அவன் எதிரில் வந்து நின்றுகொண்டு, என் மகனுக்கு அப்படி என்னடா சௌகரியம் அங்க, சொல்லு என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அம்மா, அவன்கிட்ட அங்க தங்குற பேப்பர் இல்லம்மா, போன மார்ச்லயே ரத்து பண்ணிட்டாங்க, கிளம்பினான்னா திரும்ப உள்ள விட மாட்டாங்க, வேலையும் போயிடுச்சு, பெட்டிக்கு என்னத்த அனுப்புவான், அந்தக் கடுதாசிய மூணு தடவ எழுதிக் கிழிச்சான், வேற வார்த்த கெடைக்கல அவனுக்கு, என்றான். நான் மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வசதி உள்ளவன் திமிரில் சொல்கிற வார்த்தை என்று இரண்டு மாதம் நினைத்திருந்தேனே கண்ணு. ஒன்றுமில்லாதவன் தன்னை மூடிக்கொள்ளவும் அதையேதான் எடுப்பான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அவ்வளவு நாள் உன்னைத் திட்டியதற்கு என்னை மன்னித்துவிடு.

கடைக்கு இரட்டைக் கதவு போட அப்பா வாங்கி வைத்த நல்ல கெட்டி மரப் பலகை பின்னால் கிடந்ததல்லவா, மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டுப் பெட்டி செய்துவிட்டேன். நல்ல பெட்டி, பித்தளைப் பிடி போட்டது. இது என் மகன் அனுப்பின பணத்தில் செய்தது என்று பெரியவர் முற்றத்தில் கொண்டுபோய் இறக்கினேன். அவர் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். பெட்டி சரி, பையன் எங்க என்றார். பதினோரு வாரமாக வாயைத் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன். அவன் வரேன்னுதான் சொன்னான், நான்தான் வேண்டாம்னுட்டேன், இப்ப அவன் வர்றது எனக்குக் கன்வீனியன்ஸ் இல்ல, என்றேன். இங்கிலீஷிலேயே சொன்னேன் அந்த ஒரு வார்த்தையை, வாத்தியார்கூட நிமிர்ந்து பார்த்தார்.  உடனே ஃபோசுவா, பெத்த மகனைத் தகப்பன் சாவுக்கு வராதேன்னு சொல்ற நீயெல்லாம் ஒரு பொம்பளயா என்று ஆரம்பித்தாள், அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். சொல்லட்டும். ஊர் என்னைத் திட்டினால் நான் கேட்டுக்கொண்டு ரொட்டி சுடுவேன், உன் பெயர் அந்த முற்றத்தில் கெடக்கூடாது. பெரியவர் நாள் குறித்துவிட்டார், வருகிற இருபத்திரண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கம்.

அந்த நேரம் அங்கே என்ன மணியோ, மானுவைக் கேட்டுக்கொள். எங்கே இருந்தாலும் வெளியே வந்து தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, பெரியவர் உனக்குக் கடிதம் போட்டால் அம்மாதான் வரவேண்டாம் என்றாள் என்று எழுதிவிடு, ஃபோசுவா கேட்டாலும் அதையே சொல். மற்றவர்களுக்கு எந்த இங்கிலீஷ் வேண்டுமானாலும் எழுது. எனக்கு எழுதும்போது மட்டும், வர முடியலம்மா என்று எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
செர்வா