மாப்பிள்ளை சொன்ன இங்கிலீசுச் சொல்

ஜனவரி 9, 1953, வெள்ளி
விடாத மழை. முற்றம் முழுக்கச் சேறு. எனக்குப் பேசிய மாப்பிள்ளை பகல் சாப்பாட்டுக்கு வந்தார். கொழும்புக் கந்தோரில் கிளாக்கர். கூட ஒரு கூட்டாளி. நான் திரைக்குப் பின்னால். வாப்பா தன் கையால் மீனை முள் நீக்கி மாப்பிள்ளையின் பீங்கானில் வைத்தார். பிறகு தண்ணீர் எடுக்க எழும்பிப் போனார். அந்த நேரம் இங்கிலீசுப் பேச்சு. நான் மிஷன் பள்ளியில் படித்தது தெரியாது போலும். மாப்பிள்ளை சொன்னார், "ஐ அப்ஹோர் தீஸ் பீப்பிள்." சீதனமாக வரும் சவளக்கடை வயலுக்காகச் சகிக்கலாமாம். இரண்டு பேரும் சிரிப்பு. எல்லாம் விளங்கியது, அப்ஹோர் என்ற அந்த ஒரு சொல்லைத் தவிர.

10, சனி
கூடப்பிறந்த மூத்தவர், காக்காவிடம் கேட்டேன். எஸ்.எஸ்.சி. பாஸ். கொஞ்சம் யோசித்து, "மதிக்கிறதுதான். பெரிய மரியாதை" என்றார். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.
மாவு இடித்தேன். கை கொப்பளம்.

12, திங்கள்
மழை விட்டது. குடை திருப்பிக் கொடுக்கும் சாட்டில் மிஷன் பள்ளிப் பழைய ரீச்சர் வீட்டுக்கு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னா:
"வெறுக்கிறது மட்டும் இல்ல பிள்ள. அதுக்கும் மேல. அழுகினதக் கண்டா உடம்பு பின்னுக்குப் போகுமே, அப்பிடி."
எழுத்துக்கூட்டியும் தந்தா. வழி முழுக்க வாய்க்குள் அதே சொல். வாப்பாவின் அந்தக் கையைக் கண்டா அருவருப்பு?

13, செவ்வாய்
உம்மாவிடம் சொன்னேன். ஒரு சொல்லுக்காகக் கலியாணத்தைக் குழப்பாதே, வாப்பா காதில் போடாதே என்றா. காக்கா, என் காதில்தான் பிழை என்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

22, வியாழன்
இன்று நிக்காஹ். கூடம் நிறைய ஆட்கள். வாப்பா காக்காவையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு சம்மதம் கேட்க அறைக்குள் வந்தார்.
"எனக்கு வாணாம் வாப்பா. அவருக்கு உங்களக் கண்டா அருவருப்பாம். வயல்தான் வேணுமாம்."
உம்மா என் தோளைக் கிள்ளினா. கேட்டதை அப்படியே சொன்னேன். வாப்பா காக்காவைப் பார்த்தார். காக்கா நிலத்தைப் பார்த்தார். வாப்பா வெளியே போய் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றார். திரை இடுக்கால் பார்த்தேன்.
"அப்ஹோர் எண்டா என்ன தம்பி?"
மாப்பிள்ளை கூட்டாளி பக்கம் திரும்பினார். கூட்டாளி எழும்பிச் செருப்பைத் தேடினான்.
"ஆக்கின சோறு கிடக்கு, எல்லாரும் தின்னுட்டுப் போங்க. கலியாணம் இல்ல."
ஒருவரும் தின்னவில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி
வெயில். உம்மா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. எனக்கு ஜின் பிடித்திருக்கிறதாம், தெருவில் பேச்சு. வாப்பா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறார், ஒன்றும் கேட்பதில்லை.
அந்த மாப்பிள்ளைக்குச் சாய்ந்தமருதில் வேறு இடம் முற்றாகிவிட்டது. சொறிக்கல்முனைப் பக்கம் வயலாம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவளாம். காக்காவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போவாராம்.