சிவப்புப் பொத்தான்

மார்ச் 11, செவ்வாய்

நேற்று ஜெர்மனி வேலைக்கான வீடியோ நேர்காணலில், உற்பத்தி லைனில் வரும் பாகத்தில் விரிசல் தெரிந்தால் என்ன செய்வாய் என்று ஒரு அம்மா கேட்டார். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன் என்றேன். "அதுவரை லைன் ஓடிக்கொண்டே இருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். நான் வேலை பார்க்கும் ஒரகடம் தொழிற்சாலையில் என்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்கள் லைனை நிறுத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை மறுபடி பேசலாம் என்று முடித்துவிட்டார்.

இன்று ஷிஃப்டில் விரிசலோடு ஒரு இரும்புப் பிராக்கெட் வந்தது. லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, யாரக் கேட்டு நிறுத்துன?"

"யாரையும் கேக்கல சார்" என்று விரிசலைக் காட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலைல மேனேஜரப் பாரு" என்றார்.

பார்க்கிறேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை அந்த அம்மா அதே கேள்வியைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.